மரப்பெட்டி காலியான காலை

சுட்ட தோட்டா உறைகளில் மறுபடியும் மருந்து நிரப்புவதுதான் அமெரிக்காவின் மொன்டானாவில் எங்கள் வீட்டுக் குளிர்கால வேலை. அந்த வெடிமருந்தை வாங்கிய டப்பாவோடு தடித்த மரப்பெட்டியில் வைக்க வேண்டும் என்பது விதி. தீப்பிடித்தால் மரம் பிளந்து வழிவிடும், மருந்து சீறி எரிந்து தீர்ந்துவிடும். பூட்டிய இரும்புப் பெட்டி வழிவிடாது. உள்ளே அழுத்தம் ஏறி, பெட்டியே குண்டாகிவிடும். துப்பாக்கிகள் வைக்கும் எங்கள் இரும்புப் பெட்டிக்கு நேர் மேலே, மாடியில், மகள் லேசியின் அறை.

ஆனாலும் இரவில் நான் மரப்பெட்டியில் வைத்த டப்பாக்கள் தினமும் காலையில் இரும்புப் பெட்டிக்குள்தான் இருந்தன.

“பெத்த பொண்ணையே கொல்லப் பாக்குறியா டுவெயின்?” என்று என் கணவனிடம் கத்தினேன்.

“நான் தொடவே இல்லடி! பூட்டு நம்பரை நீயே மாத்திக்கோ. நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். உன் வாய்க்குத் தப்பிச்சா போதும்.”

மாற்றினேன். புது நம்பரை யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் காலையிலும் மரப்பெட்டி காலி. இரும்புப் பெட்டியைத் திறந்தேன். டப்பாக்கள் வரிசையாக நின்றன. டுவெயினைப் போனில் பிடித்தேன்.

“இப்ப யாரைத் திட்டுறதுன்னு தெரியலையா?” என்று சிரித்தான்.

ஆத்திரத்தில் போனை வீசினேன். கதவு திறந்திருந்தால் இரும்பும் அழுத்தத்தை அடக்கி வைக்காது. அதனால் கதவை அகலத் திறந்து, விறகுக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, மரப்பெட்டியை எடுத்துவரத் திரும்பினேன்.

பின்னால் கட்டை நகர்ந்தது. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. பூட்டுச் சக்கரம் தானாகச் சுழன்று நின்றது.

மாடியிலிருந்து லேசி கூப்பிட்டாள்.

“அம்மா, ஏதோ கருகுற வாடை வருதும்மா.”