எவான்தியாவின் வெறும் முகம்

கிரேக்க நாட்டு வோலோஸ் துறைமுகம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எவான்தியாவைப்போல மேக்கப் போட ஆள் கிடையாது. தினமும் பதினேழு டப்பாக்களைத் திறந்து இரண்டு மணி நேரம் பூசுவாள். ஆனால் பெற்ற தாயே, "என் பொண்ணு பவுடரைக்கூடத் தொடமாட்டா" என்று மாதா படத்தின் முன் சத்தியம் பண்ணுவாள். அத்தனை இயற்கை!

அவ்வளவும் பக்கத்து மேஜை ஸ்தமாதிஸுக்காக. அந்த மனுஷனோ, அவள் எப்போது பார்த்தாலும் சரக்குச் சீட்டுகளில் தலையைப் புதைத்திருப்பான். ஆறு வருஷம் ஏங்கி அலுத்துப்போய், இன்று முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு அலுவலகம் வந்துவிட்டாள்.

வாசலிலேயே காசாளர் பொலிக்ஸேனி அலறினாள். "ஐயோ, என்னடி இது! நேத்து சாயங்காலம்வரைக்கும் ரோஜாப்பூவாட்டம் இருந்த மூஞ்சி! யாரோ கண்ணு வெச்சுட்டாங்க!"

"அதெல்லாம் இல்லக்கா..." என்று இழுத்தாள் எவான்தியா. உண்மையைச் சொன்னால் பதினேழு டப்பாவும் சந்திக்கு வந்துவிடும்.

பொலிக்ஸேனி திருஷ்டி பார்க்கத் தண்ணீரில் எண்ணெய்ச் சொட்டு விட்டு, ஜெபம் முணுமுணுத்து, ஜன்னல் அதிரக் கொட்டாவி விட்டாள்; கழிப்பவருக்குக் கொட்டாவி வந்தால் கண் பட்டது உறுதியாம். "பாரு, எண்ணெய் கரைஞ்சே போச்சு! பொல்லாத கண்ணுடி!"

"ஸ்தமாதிஸ், நீங்கதான் இதையெல்லாம் நம்பமாட்டீங்களே. அக்காகிட்ட சொல்லுங்களேன்" என்றாள் எவான்தியா.

அவன் எழுந்து நின்றான். காது மடல்வரை சிவந்திருந்தது.

"நேத்துவரைக்கும் நம்பல. ஆனா இது நெசமாவே பட்டிருக்கு, அக்கா. இவங்க குனிஞ்சு எழுதும்போதெல்லாம் வெச்ச கண்ணு வாங்காம பாத்தவன் நான்தான்."