இடது பக்கம் இன்னொன்று

மார்பகப் பரிசோதனைக்குத் தனியாகத்தான் போனேன். போன வருடம் என் தங்கை, "சின்னக் கட்டிதானேக்கா, சீசன் வியாபாரம் முடியட்டும்" என்று நோயிடமே தவணை கேட்டாள். கிடைக்கவில்லை. அதே கட்டியில் போய்ச் சேர்ந்தாள்.

"கழுத்துல ஒண்ணும் இருக்கக் கூடாதும்மா" என்றாள் நர்ஸ். கொக்கி தளர்ந்த சங்கிலியைக் கழற்றி, திரையின் இடுக்கில் நீண்ட கையில் கொடுத்தேன். படம் எடுத்து முடிந்ததும் நர்ஸிடம் சங்கிலியைக் கேட்டேன்.

"என்கிட்ட எங்கம்மா குடுத்தீங்க? கூட வந்தவங்கதானே வாங்கினாங்க. இடது பக்கம் இன்னொரு படம் சேர்த்து எடுங்கன்னு என்ன பேரம்! கடைக்காரங்களா?"

வெளியே யாரும் இல்லை. நாற்காலியில் சங்கிலி கிடந்தது. கொக்கியில் புதிதாகச் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. தங்கை அப்படித்தான் சுற்றித் தருவாள்.

உள்ளே போய் அங்கியை மறுபடி அவிழ்த்தேன்.