நிமிடத்துக்கு அறுபது

மாலை நாலு இருபதுக்கு அவர் வெறும் தொட்டிலைக் கீழே இழுத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணத் தொடங்கினார்.

ஆலை இயந்திரங்களைத் தட்டிப் பார்த்து, எது எந்த வேகத்தில் அதிரும் என்று கணக்கிடுவது அவர் வேலை. இயற்கை அதிர்வெண் என்பார்கள். எடை ஏற ஏற அது குறையும். ஸ்பிரிங்கில் தொங்கும் இந்தத் தொட்டில், வெறுமையாக இருந்தால் நிமிடத்துக்கு நூற்று முப்பத்துநாலு முறை துள்ள வேண்டும். பத்து நாள் முன்பு மாட்டியபோது அறுபத்தைந்துதான் துள்ளியது. அதே அளவில் வேறு ஸ்பிரிங் வாங்கி மாட்டினார். அப்போதும் அறுபத்தைந்து. கணக்குப்படி உள்ளே ஒரு கிலோ அறுநூற்று முப்பது கிராம் கிடந்தது. எட்டாம் மாதத்திலேயே பிறந்து ஆஸ்பத்திரியில் இருந்த மகளின் அன்றைய எடையும் அதுதான்.

அதன்பின் அவர் காரணம் தேடவில்லை. தினமும் எண்ணினார். இரண்டு கிலோ வந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இன்று அறுபது. மறுபடி எண்ணினார். அறுபதேதான். தொட்டிலை மெல்லப் பிடித்து நிறுத்தினார்.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, இப்பதான் எடை போட்டாங்க. எவ்வளவுன்னு சொல்லுங்க பாப்போம்."

"ரெண்டு கிலோ."

"அட, நர்ஸ் முந்திக்கிட்டாங்களா? நாளைக்கே வீட்டுக்குப் போகலாமாம்! பிள்ளையையும் மெஷின் மாதிரி தட்டிப் பாக்காம இருந்தா சரி."

"மாட்டேம்மா. பத்திரமா கூட்டிட்டு வா."

அவள் சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"ஆமா, எதுக்கு இப்படிக் குசுகுசுன்னு பேசுறீங்க? அங்க யாரு தூங்குறா?"