பொறாமைக்கு இருபது கேள்வி

குற்றாலத்துச் சாரல் டீக்கடைக் கூரையில் பூப்பூவாய் விழுகிறது. எம்.எட். ஆய்வுக்காகப் பொறாமையை அளக்கத் தானே தயாரித்த இருபது கேள்விகளுக்கும் பால்வண்ணநாதன் 'இல்லை' போட்டுக்கொண்டிருக்கிறான். பதில் எழுத ஆள் குறைந்ததால், நண்பன் செல்லப்பாவோடு அவனும் ஓர் ஆள். வெளியே, உடன்படிக்கும் முத்துவடிவுக்குச் செல்லப்பா குடை பிடித்து வருகிறான். குடை முழுக்க அவள் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவனுடைய இடது தோள் தொப்பலாகியிருக்கிறது, அவள் சிரிக்கிறாள். பென்சில் முனை ஒடிகிறது. "ஏலே, எம்புட்டு வந்துச்சு?" என்று குடையை உதறுகிறான் செல்லப்பா. "பூச்சியம். பதினஞ்சு நாளைக்கு முன்னாலயும் பூச்சியந்தாம்லே. கேள்வித்தாளு அசையல பாத்தியா?" மாறாமல் சொன்னால் போதாது, உண்மையையும் சொல்ல வேண்டுமே. அதற்காக, அந்தந்த ஆளை நன்றாக அறிந்த ஒருவரும் அவருக்கு எவ்வளவு பொறாமை என்று மார்க் போட வேண்டும் என்பது பேராசிரியர் கட்டளை; இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஆய்வு திரும்பி வந்துவிடும். பால்வண்ணநாதன் தாளை முத்துவடிவிடம் நீட்டுகிறான். அவள் யோசிக்கவே இல்லை. இருபதுக்கு இருபது என்று எழுதித் தருகிறாள். அருவி இரைகிறது. செல்லப்பா மூன்று டீ சொல்லுகிறான். பால்வண்ணநாதன் அந்த இருபதையே பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்துகிறான். "ஆய்வு கெடக்கட்டும். செல்லப்பா தாளுக்கும் நீங்கதான் மார்க் போட்டீங்களா?"