அந்த ஒன்று

ஜவுளிக்கடையின் தள்ளுபடி மின்னஞ்சல்களை அனுப்புவது சுடரொளியின் வேலை. கடையின் இணையதளத்துக்கு யார் வந்து பார்த்தார்கள் என்று தெரிய, ஒவ்வொரு லிங்க்கிலும் அவரவர் பெயரைக் கோத்துவிடுவாள். மூன்று வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போன தம்பி கதிரேசனின் முகவரியையும் மாதம் தவறாமல் பட்டியலில் செருகிவிடுவாள். போனைத்தான் எடுப்பதில்லை, பாவி. வேட்டி விலை பார்க்கவாவது வரமாட்டானா?

இன்று அவன் பெயருக்கு நேரே, 'இப்போது தளத்தில்: 1' என்று திரை காட்டியது.

"இம்மானு, என் தம்பி வந்துட்டான்டா!"

பக்கத்து இருக்கை இம்மானுவேல் எட்டிப் பார்த்தான். "அக்கா, லிங்க் வேலை செய்யுதான்னு இப்பத்தானே அவர் பேர்ல திறந்து பார்த்தீங்க. அந்தப் பக்கத்தை மூடினீங்களா?"

மூடவில்லை. அது பின்னால் அப்படியே திறந்து கிடந்தது.

"மூடிப் பாருங்க. அப்பவும் ஒண்ணு இருந்தா அவரேதான்."

மூடப் போன விரல் நின்றது. ஐந்து நிமிடம் அசைவில்லாமல் கிடந்தால் அந்த ஒன்று தானாகவே அழிந்துவிடும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவசர அவசரமாக அந்தப் பக்கத்திலிருந்த வேட்டிப் படங்களை மேலும் கீழும் உருட்டத் தொடங்கினாள்.