ஒரு சத்தமும் இல்லை

கிட்ட வந்து உட்காருங்கள் செல்லங்களா, இங்கிலாந்தில், எங்கள் டார்செட் சினிமாக் கொட்டகையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நம் டாங்கிப் படையைப் பற்றிய படம். திரையில் ஒரு டாங்கி எரிந்தது. ரேடியோவை அணைக்க மறந்திருந்ததால், உள்ளே இருந்தவன் கதறியது படை முழுவதும் கேட்டது.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் கதறினாரா, வில்ஃப்ரெட்?" என்றாள் எட்னா. போரில் டாங்கியோடு எரிந்துபோன அவள் கணவனின் படைத் தோழர் அவர்.

"சினிமாக்காரனுக்குக் கத்தினாத்தான் காசு. உன் வீட்டுக்காரர் குண்டு பட்டதுமே போயிட்டார். ஒரு சத்தமும் இல்ல. அழாத, சுண்டெலி."

எட்னா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சுண்டெலிங்கிற பேரு எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். ரேடியோவில எவ்வளவு நேரம் என்னைக் கூப்பிட்டார்?"

இருவரும் படத்தைக் கடைசிவரை பார்த்தார்கள்.

உங்கள் வீட்டுச் செல்லப் பெயர்களெல்லாம் என்றும் வீட்டுக்குள்ளேயே ஒலிக்கட்டும், கண்ணுகளா.