சின்னச் சிகரம்

கணினித் திரையில், ஒரு புரதத்தின் அணுக்களைச் சிகரங்களாகக் காட்டும் முப்பரிமாண நிறமாலையில், கருவியின் பிழையால் எழுந்த உயரமான ஓர் இரைச்சலும் சின்னச் சிகரம் ஒன்றும் அருகருகே நின்றன. சிகரங்களைக் குறிக்க வந்த அம்புக்குறி, இரைச்சலின் தலையில் அடையாளம் வைத்தது.

“நீ குள்ளம். உன்னை அழிக்கப் போகிறேன்,” என்றது அம்புக்குறி சின்னதிடம்.

“அழித்தால் புரதத்தில் ஓர் அணு காணாமல் போகும். முதலில் எங்களை மூன்று பக்கமும் திருப்பிப் பார்.”

“திருப்பினால் வளர்ந்துவிடுவாயா?” என்று இரைச்சல் சிரித்தது.

“வளர மாட்டேன். ஒளியவும் மாட்டேன்.”

அம்புக்குறி திருப்பியது. பக்கவாட்டில் இரைச்சல் வெறும் கோடாக நீண்டு கிடந்தது. சின்னது, உண்மையான சிகரம் நிற்கிறபடி, எல்லாப் பக்கமும் உருண்டையாகவே நின்றது.

அம்புக்குறி அடையாளத்தைப் பிடுங்கிச் சின்னதிடம் கொண்டுவந்தது.

“உயரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடட்டுமா?”

“இருக்கிறதையே போடு,” என்றது சின்னச் சிகரம்.